எருக்குழியில் வெள்ளைப் புழு: காண்டாமிருக வண்டா, வேறு ஏதாவதா?

பேராவூரணியான்

எல்லோருக்கும் வணக்கம். 2018இல் கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்கப் போட்டுவிட்டுப் போன பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போதுதான் ஆள் உயரம் தாண்டி நிற்கின்றன. அதில் மூன்று பிள்ளைகளுக்குக் குருத்து விரியும்போதே ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல வருகிறது. ஒன்றின் குருத்தடியில் ஓட்டை, ஓட்டை வாயில் மென்று துப்பிய சக்கை.

தோப்பு ஓரத்தில்தான் எருக்குழி. நேற்று மண்வெட்டியால் கிளறினேன். விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், ஒரு கூடை தேறும். மருந்துக் கடையில் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். கடைக்காரர் முழுதாகப் பார்க்கக்கூட இல்லை, "காண்டாமிருக வண்டுப் புழு, குழி முழுக்க ஊற்று" என்று டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். சித்தப்பாவோ, "அது எருவை மக்க வைக்கிற புழுடா, கை வைக்காதே" என்கிறார். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறைதான்.

இன்னொரு சந்தேகம். என்னிடம் இருக்கும் பழைய துண்டுப் பிரசுரத்தில் இந்த வண்டின் குடும்பம் டைனாஸ்டிடே என்று இருக்கிறது. மகளின் கல்லூரி நோட்டில் ஸ்காராபெய்டே. எது சரி? வண்டு ஒன்றுதானே?

வண்டுப்பைத்தியம்

அண்ணா, மருந்தை ஊற்றிவிடாதீர்கள். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு புழுக்களை எடுத்து, சமமான தகரத்திலோ பலகையிலோ விட்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். எந்தப் புழு எப்படி நகர்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கம்பிக்காரர்

இதற்கெல்லாம் பலகை எதற்கு? நாற்பது வருஷமாகத் தென்னை வைத்திருக்கிறேன். ஓட்டையில் கம்பிக் கொக்கியை விட்டுச் சுழற்றி இழுத்தால் வண்டு கம்பியோடு வரும். புழு கண்ணில் பட்டால் கோழிக்குப் போடு. பேர் தெரிந்துதான் கொல்ல வேண்டும் என்று சட்டமா?

பேராவூரணியான்

பலகை சோதனை முடிந்தது. மொத்தம் 11 புழு. அதில் 7 புழு குப்புறவும் போகாமல் நிமிரவும் முடியாமல் ஒருக்களித்து, அரிவாள் மாதிரி வளைந்தபடி தள்ளாடிக்கொண்டு கிடந்தன. மீதி 4 புழு செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மல்லாக்கப் படுத்துக்கொண்டு, காலெல்லாம் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து பலகை விளிம்பு வரை போய்விட்டன. திருப்பிப் போட்டாலும் மறுபடி மல்லாந்து அதே ஓட்டம். மகள் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்திருக்கிறாள்.

வண்டுப்பைத்தியம்

அதேதான்! கடைக்காரர் சொன்னதும் சரி, சித்தப்பா சொன்னதும் சரி. உங்கள் குழியில் இரண்டு வகை இருக்கிறது.

முதுகால் நடப்பவை பூ வண்டுகளின் புழுக்கள். செட்டோனினே என்ற துணைக்குடும்பம். கால்கள் குட்டையாக இருப்பதால் அவற்றை நம்பாமல், முதுகில் உள்ள விறைப்பான மயிர்களை ஊன்றி உடலை அலை போல நெளித்து நகரும். மக்கியதைத் தின்று பொடியாக்குவதுதான் அவற்றின் வேலை. வளர்ந்த வண்டு பூவுக்குப் போகும், சில வகை சோளக் கதிரின் பூவைக் கடித்து வைக்கும், அதனால் முழு யோக்கியன் என்று சான்றிதழ் கொடுக்க மாட்டேன். ஆனால் தென்னைக் குருத்தை அது தொடாது.

ஒருக்களித்துக் கிடந்த ஏழும் பெரும்பாலும் உங்கள் எதிரிதான். தலையைப் பாருங்கள். காண்டாமிருக வண்டுப் புழுவின் தலை ஓடு கரும்பழுப்பாக, பெரியதாக இருக்கும். கடைசிப் பருவத்தில் தலை மட்டுமே ஒரு சென்டிமீட்டர் அகலம் வரும். பூ வண்டுப் புழுவுக்கு உடம்பு கொழுத்திருக்கும், தலை அதற்குப் பொருந்தாமல் சின்னதாக இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நிலக்கடலை, கரும்பு வேரைக் கடிக்கும் வேர்ப்புழு. கோடையின் முதல் நல்ல மழைக்கு அடுத்து, இரவில் வேப்பமரத்தில் பழுப்பு வண்டுகள் கூட்டமாக இலை தின்னுமே, அதன் பிள்ளைகள். மெலலாந்தினே துணைக்குடும்பம். அவை மண்ணுக்குள் உயிருள்ள வேரைத் தேடிப் போகிறவை, எருக்குழி அவற்றுக்கு முக்கியமான இடம் இல்லை.

இந்த மூன்றும் ஸ்காராபெய்டே என்ற ஒரே குடும்பத்துப் பங்காளிகள். சாணி உருட்டும் வண்டும் அதே வீடுதான். அதனால்தான் புழுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வெள்ளையாக வளைந்து கிடக்கின்றன. சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது.

பேராவூரணியான்

நன்றி தம்பி. அப்படியானால் டைனாஸ்டிடே?

வண்டுப்பைத்தியம்

வாலைப் பாருங்கள். விலங்கியல் பெயர் "இடே" என்று முடிந்தால் குடும்பம். "இனே" என்று முடிந்தால் துணைக்குடும்பம். "இனி" என்றால் அதற்கும் கீழே ஓர் இனக்குழு. கொம்பு வண்டுக் கூட்டத்தைத் தனிக் குடும்பமாக நிறுத்தியவர்கள் டைனாஸ்டிடே என்று எழுதினார்கள். ஸ்காராபெய்டேக்குள் ஓர் அறையாக வைப்பவர்கள் டைனாஸ்டினே என்று எழுதுகிறார்கள். வண்டு மாறவில்லை, அதன் படி மாறியிருக்கிறது. இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது டைனாஸ்டினே. மகளின் நோட்டு சரி.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் பற்றிய பழைய நூல்வரிசையில், 1910இல் கில்பர்ட் ஆரோ எழுதிய தொகுதியிலேயே செட்டோனினேயும் டைனாஸ்டினேயும் துணைக்குடும்பங்களாக ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. உங்கள் குழியில் இருக்கிற அதே ஜோடி.

முழு முகவரி வேண்டுமென்றால்: கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு, கோலியாப்டெரா வரிசை, ஸ்காராபெய்டே குடும்பம், டைனாஸ்டினே துணைக்குடும்பம், ஓரிக்டினி இனக்குழு, ஓரிக்டெஸ் பேரினம், ரைனோசெரோஸ் சிற்றினம். கோலியாப்டெரா என்றால் கிரேக்கத்தில் உறைச்சிறகு. முன்சிறகு இரண்டும் பறப்பதற்கு இல்லாமல் கெட்டியான மூடியாகிவிட்டன, பறக்கிற சிறகு அதற்குள் மடிந்து கிடக்கும்.

வடமராட்சியான்

உங்கள் "பேரினம், சிற்றினம்" பார்க்க எனக்குப் புதினமாக இருக்கிறது. நாங்கள் இலங்கையில் படித்த விலங்கியலில் கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். வண்டுக்கும் வருணமும் சாதியும் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்தப் பாடத்தில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான்.

பேராவூரணியான்

வண்டையாவது விட்டுவைத்திருக்கலாம் 😀

கம்பிக்காரர்

சரி, இத்தனை படி ஏறி இறங்கி என்ன கிடைத்தது? கடைசியில் கம்பிதானே?

வண்டுப்பைத்தியம்

ஐயா, கம்பியை நான் குறை சொல்லவில்லை. ஓட்டைக்குள் இருக்கும் வண்டுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஆனால் வண்டு முட்டையிடுவது மரத்தில் இல்லை. எருவிலும் செத்த தென்னந்தடியிலும் முட்டையிட்டு, அங்கேயே புழுவாகக் கிடந்து, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய அரை வருஷம் கழித்து வண்டாக வெளியே வந்த பிறகுதான் மரத்துக்கு வருகிறது. நீங்கள் மரத்தில் ஒன்றைக் குத்தி எடுக்கும்போது குழியில் அடுத்த படை தயாராகிக்கொண்டிருக்கும். கஜாவில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தாமல் அப்படியே மக்க விட்ட தோப்புக்காரர்கள் வண்டுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள் என்றே சொல்வேன்.

அப்புறம் பெயர் எதற்கு என்றீர்கள். கவர்ச்சிப் பொறிக்கு. காண்டாமிருக வண்டின் ஆண் விடுகிற வாசனை எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட் என்ற பொருள். ஆணும் பெண்ணும் அதைத் தேடி வரும். தென்னையின் இன்னொரு எதிரியான சிவப்புக் கூன்வண்டுக்கு 4-மெத்தில்-5-நோனனால். ஒன்றின் மருந்துப் பொட்டலத்தை மற்றதன் வாளியில் தொங்கவிட்டால் வாளி காலியாகத்தான் இருக்கும். கூன்வண்டு தொல்லைக்குக் காண்டாமிருக வண்டுப் பொறியை வாங்கி மாட்டிவிட்டு, "பொறியெல்லாம் ஏமாற்று" என்று திட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பிக்காரர்

… அதில் ஒருவன் நான்தான் போலிருக்கிறது. போன வருஷம். சரி, மேலே சொல்லு.

ஆனைமலைக்காரி

கூன்வண்டும் இதுவும் சொந்தமா? எங்கள் தோப்பில் முதலில் காண்டாமிருக வண்டு குத்திய மரத்தில்தான் பின்னால் கூன்வண்டு புகுந்தது.

வண்டுப்பைத்தியம்

இல்லை அக்கா, தூரம் அதிகம். வரிசை ஒன்று, அதோடு சரி. கூன்வண்டு ரிங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ், அரிசி வண்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். மூக்கு நீண்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததாக நீங்கள் கண்டது சரிதான். முதலாவது போட்ட காயத்தின் வாசனைக்கு இரண்டாவது வந்து அங்கே முட்டையிடும். கூன்வண்டின் புழுவுக்குக் கால் கிடையாது, மரத்துக்குள்ளேயே தின்று வளரும். காண்டாமிருக வண்டு வளர்ந்த மரத்தைப் பெரும்பாலும் அழகைக் கெடுத்து, காய்ப்பைக் குறைத்து விடும். இளம்பிள்ளையில் குருத்தின் மூலத்தைத் தொட்டால்தான் சாவு. கூன்வண்டு வந்தால் எந்த மரமும் போய்விடும்.

பூச்சியியல்_முதுகலை

ஒரு திருத்தம். கூன்வண்டை டிரையாஃப்தோரிடே என்று தனிக் குடும்பமாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டைனாஸ்டிடே கதையே அங்கும். கர்குலியோனிடே என்ற பெரிய கூன்வண்டுக் குடும்பத்துக்குள் துணைக்குடும்பமாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் தேர்வுத்தாள் திருத்துபவர் எந்தக் கட்சி என்று தெரியாமல் எழுதினால் மதிப்பெண் போகும், சொந்த அனுபவம்.

பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியையும் சொல்லிவிடுகிறேன், மகளுக்கு உதவும். இந்த வண்டுக்குப் பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1758இல். ஆனால் அவர் வைத்தது ஸ்காராபேயஸ் ரைனோசெரோஸ். கொம்பு வண்டு, சாணி வண்டு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஸ்காராபேயஸ் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார். 1798இல் ஓரிக்டெஸ் பேரினம் வந்தது. தோண்டுபவன் என்று பொருள். சிற்றினம் வேறு பேரினத்துக்குக் குடிபெயர்ந்தால், முதலில் பெயர் வைத்தவரையும் வருடத்தையும் அடைப்புக்குள் போட வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. அதனால்தான் ஓரிக்டெஸ் ரைனோசெரோஸ் (லின்னேயஸ், 1758). அந்த அடைப்பை எடுத்துவிட்டால், முதலிலிருந்தே ஓரிக்டெஸில் இருந்தது என்று அர்த்தமாகிவிடும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஓரிக்டெஸ் பேரினத்தின் மாதிரி இனம், அதாவது அந்தப் பேரினப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் இனம், நம் வண்டு இல்லை, ஐரோப்பாவின் ஓரிக்டெஸ் நாசிகார்னிஸ். அதற்கும் லின்னேயஸ்தான் பெயர் வைத்தார், அதே 1758இல். ரைனோசெரோஸ் கிரேக்கத்தில் மூக்குக்கொம்பு, நாசிகார்னிஸ் லத்தீனில் மூக்குக்கொம்பு. மனிதர் ஒரே பட்டப்பெயரை இரண்டு மொழியில் வைத்து வேலையை முடித்திருக்கிறார்.

பழம்பாட்டு

நான் பூச்சி படித்தவன் இல்லை, தமிழ் படித்தவன். ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "வண்டு" என்ற நம் சொல்லே ஒரு பெரிய சாக்குதான். பூவில் ரீங்காரமிடும் கருவண்டு உண்மையில் மரத்தைத் துளைக்கும் தேனீ வகை, கோலியாப்டெராவே இல்லை. சங்கப் பாட்டுகளில் தேன் தேடித் திரியும் தும்பியும் தேனீக் கூட்டம்தான். இன்று பிள்ளைகள் வாலில் நூல் கட்டும் தும்பி முற்றிலும் வேறு பூச்சி. தொல்காப்பியர் மரபியலில் நண்டையும் தும்பியையும் சேர்த்து நாலறிவு உயிர் என்கிறார். அது பரம்பரையை வைத்துப் பிரித்தது அல்ல, புலனை வைத்துப் பிரித்தது.

பூச்சியியல்_முதுகலை

நண்டும் பூச்சியும் கணுக்காலிகள் என்று இப்போதும் ஒரே தொகுதியில்தான் ஐயா இருக்கின்றன. தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் படிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனைமலைக்காரி

இதற்கிடையில் ஒரு படம் போடுகிறேன். நேற்று இரவு வாசல் விளக்குக்கு வந்தது. இதுவும் கொம்பு வண்டு. ஆனால் தலையில் ஒரு கொம்பு, கழுத்து மேலே இன்னொரு கொம்பு, இரண்டின் நுனியும் கவை மாதிரி பிளந்திருக்கிறது. உள்ளங்கை நிறைய இருந்தது. குருத்தைக் குத்தும் ஜாதியா?

வண்டுப்பைத்தியம்

அருமையான ஆண்! அது சைலோட்ரூப்பஸ். அதே டைனாஸ்டினேதான், ஆனால் இனக்குழு வேறு. பழைய புத்தகங்களில் ஆசியா முழுக்க இருந்ததை எல்லாம் சைலோட்ரூப்பஸ் கிடியன் என்று ஒரே பெயரில் எழுதியிருப்பார்கள். பிற்பாடு அதைப் பல இனங்களாகப் பிரித்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை மெரிடியோனாலிஸ் என்கிறார்கள். உங்கள் தோப்புக் குருத்தில் ஓட்டை போட்டது இவர் இல்லை, வாசல் விளக்கை அணைத்து வழியனுப்பி வையுங்கள்.

காண்டாமிருக வண்டுக்குத் தலையில் ஒரே கொம்புதான், பின்னோக்கி வளைந்திருக்கும், நுனி பிளவுபடாது. கொம்பின் நீளத்தை வைத்து மட்டும் ஆண் பெண் பிரிக்க வேண்டாம், ஆணிலேயே குட்டைக் கொம்புக்காரர்கள் உண்டு. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண், வழவழவென்று இருந்தால் ஆண்.

வடமராட்சியான்

இந்த வண்டு எங்கள் தீவிலிருந்து ஏற்றுமதி ஆன கதை தெரியுமா? 1909இல் பசிபிக்கில் உள்ள சமோவாவில் முதன்முதலாகத் தோன்றியது. இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு போய்ச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். தென்னையை நம்பியே வாழும் தீவுகள், அங்கே அதைத் தடுக்க ஒரு எதிரியும் இல்லை. பிறகு ஒவ்வொரு தீவாகத் தாவியது. நாங்கள் தேயிலை ஏற்றுமதி பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

எங்கள் பக்கத்தில் தும்பு, அதாவது தேங்காய் நார்க் குவியலை மழையில் நனைய விட்டால் உள்ளே இதே புழுதான்.

பூச்சியியல்_முதுகலை

சமோவாக் கதையின் அடுத்த பாதி இன்னும் சுவாரசியம். 1960களில் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் மலேசியாவில் இந்தப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967இல் அதை சமோவாவில் விட்டார்கள். வண்டின் குடலில் பெருகி, எச்சத்தோடு வெளியேறி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. தாக்குதல் நன்றாகவே குறைந்தது. பூச்சியைப் பூச்சிநோயால் அடக்கியதற்கு இன்றும் வகுப்பில் காட்டும் உதாரணம் அது.

இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த வைரஸின் பெயர் பட்ட பாடு. ஹூகர் வைத்தது ராப்டியான்வைரஸ். பிறகு பாகுலோவைரஸ் கூட்டத்தில் சேர்த்தார்கள், தமிழில் வந்த வேளாண் கையேடுகளில் இன்னும் "பாகுலோ வைரஸ்" என்றே இருக்கும். பாகுலோவைரஸுக்கு உள்ள புரதக் கூடு இதற்கு இல்லை என்பதால் பின்னால் நூடிவைரஸ் என்று தனியே எடுத்தார்கள். எருக்குழியில் ஊற்றச் சொல்லும் பச்சைப் பூஞ்சைக்கும் அதே கதி. மெட்டாரைசியம் அனிசோப்ளியேயின் ஒரு வகை என்று இருந்தது, 2009இல் மெட்டாரைசியம் மேஜஸ் என்று தனி இனமானது. பேராவூரணி அண்ணா பாக்கெட் வாங்கும்போது அனிசோப்ளியே என்று மட்டும் போட்டிருந்தால், இது காண்டாமிருக வண்டிலிருந்து பிரித்த வகையா என்று கேட்டு வாங்குங்கள். வேறு பூச்சிக்கான வகை அதே பெயரில் விற்கும்.

பேராவூரணியான்

வண்டைக் கொல்கிற வைரஸுக்குப் பெயர் மாறுகிறது, பூஞ்சைக்குப் பெயர் மாறுகிறது. வண்டின் "ரைனோசெரோஸ்" மட்டும் 1758லிருந்து அசையவில்லை. கெட்டிக்கார வண்டுதான்.

பூச்சியியல்_முதுகலை

அந்த அசையாத பெயருக்குள்ளேதான் இப்போது சிக்கலே. 2007இல் குவாம் தீவிலும் 2013இல் ஹவாயிலும் இந்த வண்டு புதிதாக நுழைந்தது. குவாமில் அதே பழைய வைரஸை விட்டுப் பார்த்தார்கள், வண்டு மசியவில்லை. மரபணுவைப் பார்த்தபோது பசிபிக்கில் முன்பு பரவியதிலிருந்து வேறுபட்ட கூட்டம் என்று தெரிந்தது. குவாமின் முதலெழுத்தை வைத்து "ஜி வகை" என்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொம்பு, மயிர், தலை ஓடு எல்லாம் ஒன்றுதான். பெயரும் ஓரிக்டெஸ் ரைனோசெரோஸ்தான். துணை இனம் என்றுகூடப் பிரிக்கவில்லை.

கம்பிக்காரர்

அப்படியானால் நான் முதலில் கேட்டதற்கே வருகிறேன். பேரை வைத்து என்ன பயன்?

பூச்சியியல்_முதுகலை

இந்தமுறை உங்கள் கேள்வி நியாயமானது ஐயா. பூ வண்டையும் காண்டாமிருக வண்டையும் பிரிக்கப் பெயர் போதும், எந்தப் பொறி என்று முடிவு செய்யவும் போதும். வைரஸ் விடுகிறவருக்கு மட்டும் பெயருக்குக் கீழேயும் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் கம்பிக்கு எந்த வகையானாலும் ஒன்றுதான்.

கம்பிக்காரர்

அதைச் சொல்லு முதலில்.

பேராவூரணியான்

இன்றைக்கு ஆள் வைத்துக் குழியை முழுக்கப் புரட்டிவிட்டோம். சித்தப்பாவும் வந்தார். பலகையை நடுவில் போட்டு, ஒருக்களித்துக் கிடப்பது ஒரு வாளி, முதுகால் ஓடுவது ஒரு வாளி. பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்தோம்: பெரிய தலைக்காரர்கள் 83, மல்லாந்து நடப்பவர்கள் 140க்கு மேல், எண்ணி முடியவில்லை. மருந்தை ஊற்றியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

83ம் கோழிக்குப் போயிற்று. மற்ற வாளியைக் குழியிலேயே கொட்டிவிட்டோம். பிள்ளைகளின் மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும், ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலந்து வைத்தாயிற்று. பொறி வாங்க நாளை பட்டுக்கோட்டை போகிறேன். எத்தில் என்று தொடங்குவது, சரிதானே?

சித்தப்பா கிளம்பும்போது அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வண்டுப்பைத்தியம்

சரிதான் அண்ணா. தோப்பில் எங்காவது பட்டுப்போன தென்னந்தடி கிடக்கிறதா என்று பாருங்கள், 83க்கு மேல் அதற்குள் இருக்கும்.